லாபத்தில் தொடங்கும் ஏழரை

திண்டுக்கல்லில் ஒருவர் தன் இசைக்குழுவுக்கு ‘ஏழரை’ என்று பெயர் வைத்தால் ஊர் அவரைச் சும்மா விடுமா? ஏழரை என்றால் சனி, ஏழரை என்றால் வம்பு. வீட்டை விட்டுக் கிளம்புகிறவனைப் பார்த்து, “ஏழரையக் கூட்டாம வா” என்று சொல்லி அனுப்புகிற ஊர் இது. ஆனந்த்ராஜ் அந்தப் பெயரைத்தான் வைத்தார். வைத்ததோடு நில்லாமல், ட்ரம்ஸில் காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்மின் முகத்தில் சிவப்புப் பெயின்ட்டால் எழுதியும் விட்டார். அதைப் பார்த்துக் கோயில் உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது சுத்தப் பொய். அவர் தும்மினார், அவ்வளவுதான்.

ஆனந்த்ராஜுக்கு வயது நாற்பத்து மூன்று. பிறந்தது எரியோட்டுப் பக்கம், குடியிருப்பது நாகல் நகர். வேலை, வெங்காயப் பேட்டையில் மூட்டை எண்ணுவது. எண்ணுவதெல்லாம் ஒரு வேலையா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒருநாள் காலையில் வந்து லாரிக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு லாரி இறங்கும். பதினோரு லோடுமேன்கள் முதுகில் மூட்டையோடு எறும்பு மாதிரிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். அந்த இரைச்சலில் ஒருவர் மட்டும் உரக்க எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் குரலுக்குத்தான் கால்கள் நடக்கும். குரல் தடுமாறினால் நடை தடுமாறும், நடை தடுமாறினால் யாராவது ஒருவருடைய இடுப்புப் பிடித்துக்கொள்ளும். இருபத்திரண்டு வருஷமாக ஆனந்த்ராஜ் எண்ணுகிறார். அவர் எண்ணி ஒருத்தருக்கும் இடுப்புப் பிடித்ததில்லை.

பேட்டையில் எண்ணிக்கையை ‘ஒண்ணு’ என்று தொடங்க மாட்டார்கள். நெல் அளந்த காலத்திலிருந்தே முதல் எண்ணுக்கு ‘லாபம்’ என்றுதான் பேர். லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று போகும். ஏழு மூட்டை சேர்ந்தால் ஓர் அடுக்கு. அதை அட்டி என்பார்கள். அதற்கு மேல் ஏற்றினால் அடிமூட்டை வெங்காயம் நசுங்கிப் போகும். ஆகவே ஏழு ஆனதும் அடுத்த அட்டிக்கு மறுபடியும் லாபம். முதல் மூட்டையைத் தரை வரைக்கும் குனிந்து இறக்கி, வரிசைக்கு நேராக நகர்த்தி வைக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். மற்ற ஆறும் அதன் தலையில் பொத்தென்று உட்கார்ந்துவிடும். அதனால் ஆனந்த்ராஜின் வாயில் லாபம் மட்டும் ‘லாஆபம்’ என்று ஓர் இழுவை இழுக்கும். இழுக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது.

இந்த இழுவைதான் அவரைப் படாத பாடு படுத்தியது.

ட்ரம்ஸ் அவருக்குப் பதினைந்து வயதிலேயே வந்துவிட்டது. கோயில் பாடகர் குழுவுக்கு யாரோ ஒரு பழைய ட்ரம்ஸ் செட்டைக் கொடுத்தார்கள். அதைத் தொடுவதற்கு மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது இவர் போய் உட்கார்ந்துவிட்டார். நன்றாகவே அடித்தார். பேட்டை வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் வினை வந்தது. ஒவ்வொரு சுற்றின் முதல் அடியும் ஒரு நூல் தாமதமாக விழுந்தது. ஒரு கிறிஸ்துமஸ் பூசையில் சபை முழுவதும் இவரை விட்டுவிட்டு முன்னால் பாடிக்கொண்டு போய்விட்டது. பங்குத்தந்தை நல்ல மனிதர். மனம் நோகாமல், கொஞ்ச நாளைக்கு ஜால்ரா போடப்பா என்றார்.

அடுத்து ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தார். வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு திருவிழா மேடையில் ஆடுகிற பெண்களுக்கு இவருடைய முதல் அடியில் கால் தடுக்கியது. இரண்டு தடவை தடுக்கி, மூன்றாம் தடவை ஒரு பெண் விழுந்தே விட்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே குழுக்காரர் வந்து தோளைத் தட்டி எழுப்பிவிட்டு, வேறொருவரை உட்கார வைத்தார். அத்தனை சனத்துக்கும் நடுவில் மேடையை விட்டு இறங்கி வந்ததை ஆனந்த்ராஜ் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. தன் கையில் ஏதோ கோளாறு என்று நம்பிவிட்டார். ஆறு வருஷம் குச்சியைத் தொடவில்லை.

மறுபடியும் தொட வைத்தது பெலிக்ஸ். பெலிக்ஸ் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் செல்போனில் எங்கெங்கோ இருக்கிற இசையையெல்லாம் தோண்டி எடுத்துக் கேட்கிற பழக்கம் அவருக்கு உண்டு. ஒருநாள் ஆனந்த்ராஜின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். அது ஜாஸ் ஃப்யூஷன். ஆளுக்கு ஒரு பக்கமாகப் போய்த் திரிந்துவிட்டு, சொல்லி வைத்த மாதிரி ஒரே இடத்தில் வந்து சேர்வது. அடுத்துப் போட்டது புரோகிரெசிவ் ராக். ஒரு பாட்டு பத்து நிமிஷம். நடுவில் கணக்கு நாலு தடவை மாறும். ஏழும் பதினொன்றுமாக எண்ணுவார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். ஆனந்த்ராஜ் கண்ணைத் திறக்கவில்லை. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி, “இவங்களுக்கும் மொத மூட்ட தரையிலதான் எறங்குது போல” என்றார்.

அப்படித்தான் குழு பிறந்தது. பெலிக்ஸ் கீபோர்டு. செல்போன் பழுது பார்க்கிற விக்னேஷ்குமார் கிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற தேவதர்ஷினி பேஸ் கிட்டார். இந்தப் பெண் ஒரு தனி ரகம். மாத்திரையை எண்ணிக் கொடுக்கிற கையாயிற்றே, எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாள். பயிற்சிக்கு இடம், பேட்டைக் குடோனின் மாடி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு ஏறினால் பொழுது சாய்கிற வரைக்கும் நடக்கும். கீழேயிருந்து வருகிற வெங்காய நெடியில் புதிதாக வருகிறவர்களுக்குக் கண்ணில் நீர் வழியும். தங்கள் வாசிப்பு அப்படி உருக்குகிறது என்று விக்னேஷ்குமார் கொஞ்ச நாள் சொல்லித் திரிந்தான்.

ஆரம்பத்தில் நான்கு பேரும் முட்டிக்கொண்டார்கள். ஏழு எண்ணிக்கையில் ஒரு மெட்டுப் போட்டால் இரண்டாவது சுற்றிலேயே கிட்டார் முன்னால் போய்விடும். விக்னேஷ்குமார் மேல் குற்றம் என்று ஆனந்த்ராஜும், வெளியே சொல்லாவிட்டாலும் இவர் மேல் குற்றம் என்று அவனும் நினைத்தார்கள். ஆனந்த்ராஜுக்குப் பழைய பயம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு பார்ப்பது, சரிவராவிட்டால் தானே விலகிக்கொள்வது என்று மனதுக்குள் முடிவும் செய்துவிட்டார். அப்போதுதான் தேவதர்ஷினி ஒரு பயிற்சி முழுவதையும் செல்போனில் பதிவு செய்து வீட்டுக்குக் கொண்டுபோய், ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் மறுநாள் கடையில் உட்கார்ந்து அளந்தாள். அடுத்த ஞாயிறு வந்து சொன்னாள்: “அண்ணே, நீங்க ஏழு எண்ணல. மொத அடி மட்டும் ஒண்ணரை. நீங்க எண்றது ஏழரை.”

விக்னேஷ்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனந்த்ராஜுக்கு முகம் கறுத்துவிட்டது. தேவதர்ஷினி சிரிக்கவில்லை. ஒரு சுற்றில் தப்பினால் அது பிசகு, முந்நூறு சுற்றிலும் அதே இடத்தில் அதே ஒன்றரை வந்தால் அது தாளம் என்பது அவள் கட்சி. நாம் மூன்று பேரும் ஏழு வாசித்ததுதான் தப்பு என்று முடித்துவிட்டாள். அன்று மாலை நான்கு பேரும் ஏழரை வாசித்தார்கள். முதல் தடவையாக யாரும் யாரையும் முட்டவில்லை. அதோடு குழுவுக்குப் பெயரும் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு எட்டு வருஷம். கல்லூரி விழா, கோயில் இளைஞர் மன்றம், ஒரு கல்யாணம். கல்யாணத்தில் மட்டும் மாப்பிள்ளை வீட்டார் பெயர்ப் பலகையைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு பாட்டுச் செய்து ‘அட்டி’ என்று பெயரிட்டார்கள். அதில் கீபோர்டும் கிட்டாரும் பேஸும் மாறி மாறித் தனியாகத் திரியப் போகும்; ட்ரம்ஸ் மட்டும் ஏழரையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்; கடைசி லாபத்தில் நான்கும் ஒன்றாக வந்து இறங்கும். ஊரில் பாதிப் பேருக்கு அது புரியவில்லை. புரிந்த மீதிப்பேர் ஒரு நிகழ்ச்சியும் விடாமல் வந்தார்கள்.

போன புரட்டாசியில் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. சொந்தமாக இசை அமைக்கிற குழுக்களுக்காக அங்கே ஒரு பெரிய விழா நடத்துகிறார்கள்; ஒரு பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்து அனுப்ப வேண்டும்; கடைசி நாள் சனிக்கிழமை. தேவதர்ஷினி மதுரையில் ஒரு ஸ்டுடியோவைப் பிடித்தாள். சந்தை இல்லாத வியாழக்கிழமை நான்கு பேரும் சாமான்களோடு போய் இறங்கினார்கள்.

ஸ்டுடியோக்காரர் முத்துச்சாமி அமைதியான ஆள், தொழில் தெரிந்தவர். பதிவுக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ட்ரம்ஸை மட்டும் பதிவு செய்வார்கள். அடிக்கிறவர் காதில் ஹெட்போன் இருக்கும். அதில் ‘டிக் டிக்’ என்று ஓர் ஓசை ஒரே சீராக ஓடும். அதற்குக் க்ளிக் என்று பேர். அதோடு ஒட்டி அடித்தால்தான் பிறகு மற்ற வாத்தியங்களை அதன் மேல் அடுக்க முடியும். தேவதர்ஷினி ஏழரைக் கணக்கை விளக்கிச் சொல்ல, முத்துச்சாமி அரையரையாகப் பதினைந்து க்ளிக் வைத்துக் கொடுத்தார்.

ஆனந்த்ராஜ் அடித்தார். முதல் சுற்றிலேயே விலகியது. மறுபடி அடித்தார், விலகியது. ஆறு தடவை அடித்தார். விஷயம் இதுதான்: அந்த ஒன்றரை என்பது கடைத்தராசில் நிறுத்த ஒன்றரை இல்லை. அதற்கும் ஒரு மயிரிழை கூட. மூட்டை தரையில் உட்காருகிற நேரம் எந்த க்ளிக்கிலும் இல்லை. அவர் க்ளிக்கை மதித்து அடித்தால் பாட்டு செத்துப்போனது, பாட்டை மதித்து அடித்தால் க்ளிக் கைவிட்டது. மதியம் ஆகிவிட்டது. ஸ்டுடியோ அன்று ஒருநாள்தான் கிடைத்திருந்தது.

முத்துச்சாமி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முதலில் கேட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரிலேயே ட்ரம்ஸ் ஓசை போடலாம், ஒரு மணி நேர வேலை, கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, குழுத் தலைவர் என்று இவர் பெயரே இருக்கும் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் வலித்தது.

ஆனந்த்ராஜ் மூன்று பேரையும் பார்த்தார். பெலிக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். தேவதர்ஷினி லீவு கேட்டு ஏச்சு வாங்கிவிட்டு வந்திருக்கிறாள். எட்டு வருஷத்தில் வந்த ஒரே பெரிய வாய்ப்பு தன் கையால் கெட வேண்டுமா என்று நினைத்தார். கோயிலில் எழுப்பினார்கள், மேடையில் எழுப்பினார்கள். இந்தத் தடவை யாரும் எழுப்பவில்லை. அவராகவே எழுந்தார். குச்சிகளை டிரம்மின் மேல் அருகருகே வைத்தார்.

“பாப்பா, பாட்டுப் போய்ச் சேரட்டும். யாரு அடிச்சா என்ன” என்றார் தேவதர்ஷினியிடம்.

சொல்லிவிட்டு வெளி வராந்தாவில் போய் நின்றுகொண்டார். அழவில்லை. ஆனால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விடுவதும் எடுப்பதுமாக இருந்தார். தான் உண்டாக்கிய குழு தானில்லாமல் வாசிக்கப் போகிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

உள்ளே முத்துச்சாமி சொன்னபடி ஒரு மணி நேரத்தில் ட்ரம்ஸ் தயார் செய்தார். துளி பிசகில்லாத ட்ரம்ஸ். தேவதர்ஷினி அதன் மேல் பேஸ் வாசித்தாள். முதல் லாபத்திலேயே அவள் பின்தங்கினாள். மறுபடி வாசித்தாள், மறுபடியும் பின்தங்கினாள். எதையும் அளந்து செய்கிறவள், தன் விரலையே நம்ப முடியாமல் பார்த்தாள். விக்னேஷ்குமார் வாசித்தான். அவனுக்கும் அதே கதி. பெலிக்ஸ் நான்கு தடவை முயன்றுவிட்டுக் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். மிஷின் முந்துகிறது என்று அவர் சொன்னபோது முத்துச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. மிஷினாவது முந்துவதாவது.

ஆனால் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றது. வாசித்த ஒவ்வோர் ஓசையும் எந்த நொடியில் விழுந்தது என்று திரையில் கோடு கோடாகத் தெரியும். மூன்று பேரும் தனித்தனியாக வாசித்திருந்தார்கள். மூன்று பேரும் லாபத்தில் ஒரே அளவு பின்தங்கியிருந்தார்கள். முத்துச்சாமி ஏதோ தோன்றி, காலையில் கழித்துப் போட்ட ஆனந்த்ராஜின் ஆறு பதிவுகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதிலும் அதே அளவு. எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

“அண்ணே, தப்புன்னா ஆளுக்கு ஒரு அளவுல இருக்கும். உங்க நாலு பேருக்கும் ஒரே அளவா இருக்கு. உள்ள வாங்க” என்றார். “க்ளிக்க அமத்திட்டேன். நாலு பேரும் ஒண்ணாவே வாசிச்சிருங்க.”

ஆனந்த்ராஜ் உடனே நகரவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து குச்சிகளை எடுத்தார். மற்ற மூன்று பேரும் அவரைச் சுற்றி, பேட்டை மாடியில் நிற்பது போலவே நெருக்கமாக நின்றுகொண்டார்கள். ஹெட்போனில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. அவர் வாய்விட்டு எண்ணினார். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. அடுத்த லாபத்தில் நான்கும் ஒரே மூட்டையாக இறங்கியது.

ஒன்பது நிமிஷம் நாற்பது நொடி. ஒரே மூச்சில், ஒரே பதிவு. பெலிக்ஸ் தன் பங்குக்குத் திரியப் போனவர் என்றைக்கும் போகாத தூரம் போய்த் திரும்பி வந்தார். விக்னேஷ்குமார் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். தேவதர்ஷினி மட்டும் ஆனந்த்ராஜின் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி லாபம் விழுந்து, சிம்பல் தட்டின் ஓசை முழுதும் அடங்குகிற வரைக்கும் யாரும் அசையவில்லை. முத்துச்சாமி அந்தப் பதிவில் ஒரு துரும்பையும் மாற்றவில்லை. எண்ணுகிற குரலைக்கூட வெட்டாமல் தொடக்கத்திலேயே விட்டுவைத்தார். சனிக்கிழமை காலையில் அது கோயம்புத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது.

தேர்வானார்கள். தை மாதம் ஒரு மத்தியான வேளையில் அங்கே மேடை ஏறினார்கள். பேட்டையிலிருந்து பதினோரு லோடுமேன்களும் வேன் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் பொம்மையன். பாட்டு ஓடுகிற ஒன்பது நிமிஷமும் அவர் கால், லாபத்துக்கு லாபம் தரையில் சரியாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் இளவட்டம் கையில் தாளம் போட்டுத் தப்பவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அப்படி இல்லை என்று சொல்லித் திருத்தியும் விட்டார். பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்றது. திண்டுக்கல்லுக்குத் திரும்புகிற வழியில் ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். பொம்மையன் டீயை வாங்கி ஆனந்த்ராஜின் கையில் கொடுத்து, “எங்க நடையக் கொண்டுபோய் மேடையில வச்சுட்டியே அப்பு” என்றார்.

பங்குனியில் அடுத்த பாட்டைப் பதிவு செய்ய மதுரைக்குப் போனார்கள். முத்துச்சாமி மைக்குகளை நிறுத்திக்கொண்டிருந்தார். ஆனந்த்ராஜ் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாமல் மேஜை மேல் கிடந்த நீள நோட்டைப் புரட்டினார். ஸ்டுடியோவில் பதிவாகிற பாட்டையெல்லாம் முத்துச்சாமி அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். பாட்டின் பெயர், குழுவின் பெயர், அடுத்த கட்டத்தில் வேகம். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை க்ளிக் என்பதுதான் வேகம். தொண்ணூற்றிரண்டு, நூற்றிருபது, நூற்று நான்கு என்று பக்கம் பக்கமாக எண்கள்.

புரட்டாசிப் பக்கம் வந்தது. பாட்டு: அட்டி. குழு: ஏழரை. வேகம் என்ற கட்டத்தில் எண் இல்லை. ‘ஆனந்த்ராஜ்’ என்று எழுதியிருந்தது.

அதைப் படித்துவிட்டு இன்னொரு தடவையும் படித்தார். முத்துச்சாமி இதை யாரிடமும் சொன்னதில்லை. காட்ட வேண்டும் என்று எழுதினதும் இல்லை. தன் வேலைக்கு எழுதி வைத்துக்கொண்டது. ஆனந்த்ராஜ் எழுந்து, நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனார்.

“ஏய் பெலிக்ஸு, செத்த இங்க வா. நம்ம பாட்டோட வேகம் என்னன்னு எழுதிருக்காப்ல பாரு.”